ஒரு தாரும் கால் கிராம் மருந்தும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"மெக்கானிக்கல் படிச்சவன் வாழையைப் பத்திப் பேச வந்துட்டானே" என்று சில நண்பர்கள் சிரிப்பது தெரிகிறது. எங்களுடையது காவிரிக் கரையில் வாழை போடுகிற குடும்பம். வாழைத் தோப்பிலும் நம்ம பாடம் இருக்கிறது.

ஒரு வாழை ஒரே ஒரு தார்தான் தள்ளும். தார் தள்ளிய பிறகு புது இலை வராது. இருக்கிற இலைகள்தான் கடைசிவரை காய்க்குச் சோறு போடணும். ஆகவே தார் பராமரிப்பை அலட்சியம் செய்யக் கூடாது.

கடைசிச் சீப்பு விரிந்ததும் நுனியில் தொங்கும் பூவை ஒடித்துவிட வேண்டும். அதற்குப் போகும் சத்து காய்க்குப் போகும். பூ சமையலுக்கு ஆச்சு. அடுத்து, துளையிட்ட பாலிதீன் உறை. குளிர் காலத்தில் 2 சதவீதம், வெயில் காலத்தில் 4 சதவீதம் துளை இருக்கட்டும். இலை உரசாது, பூச்சி குறையும், தோல் பளிச்சென்று இருக்கும். பிறகு முட்டு. மரம் என்று நாம் சொல்வது மரமே அல்ல, சுருண்ட இலையுறைகள். அதன் உச்சியில் 25 கிலோ தொங்கினால் காற்றில் என்ன ஆகும் என்பது முதலாண்டு மாணவருக்கே தெரியும்!

இனி வளர்ச்சி ஊக்கி. பூவன் பழத்தைக் கடிக்கும்போது கொட்டை பல்லில் படும். விடுதி மெஸ்ஸில் சாப்பிட்ட யாருக்கும் மறக்காது. இதைத் தடுக்க, கடைசிச் சீப்பு விரிந்த 20 நாளுக்குள் 2,4-டி மருந்தை 25 பிபிஎம் அளவில் தார் மேல் தெளிக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம்.

இங்கேதான் கவனம் வேண்டும். இதே 2,4-டி அளவு கூடினால் களைக்கொல்லி! 25 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 25 மில்லிகிராம். 10 லிட்டர் டேங்குக்குக் கால் கிராம். கால் கிராமை எந்த விவசாயி கையால் அளப்பார்? "ஒரு சிட்டிகை போடு" என்றால் தார் போச்சு, ஒரு வருஷ உழைப்பும் போச்சு.

வழி எளிது. 80 சதவீத சோடியம் உப்பு என்றால், நகைக்கடைத் தராசில் 3.1 கிராம் நிறுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். அதில் 100 மில்லி எடுத்து 10 லிட்டராக்கினால் கணக்குச் சரி. களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இதற்குத் தொடவே கூடாது. பக்கத்தில் பருத்தி, தக்காளி இருந்தால் காற்றடிக்கும் நேரத்தில் தெளிக்காதீர்கள். வேளாண் அலுவலரைக் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

தம்பி தங்கைகளே, இறுதியாண்டு புராஜெக்ட் தேடுகிறீர்களா? படிக்காத விவசாயியும் தப்பில்லாமல் அளக்க ஓர் எளிய அளவுக் குப்பி செய்து கொடுங்கள். நம் கல்லூரிப் பட்டறையிலேயே செய்யலாம். செலவுக்குப் பழைய மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம்.