உணவும் உள்ளமும்

மட்டக்களப்பு வாவி மீனும் இறாலும் தருகின்றது. படுவான்கரை நெல்லும் எருமைத் தயிரும் தருகின்றது. இவ்வளநாட்டிலும் சோற்றுக் கோப்பையைக் கண்டு அஞ்சும் இளையோர் உளர். பசியின்றியும் நிறுத்தவியலாது, மறைவில் மிகுதியாக உண்டு, பின் வெட்கி வருந்துவர். இதனைப் பெருந்தீனி என்று இகழ்தல் தகாது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டில் இதனைத் தனியொரு நோயாகவே வகுத்தது. வெட்கத்தால் மறுநாள் பட்டினி கிடப்போரும் உளர். அப்பட்டினியே அடுத்த மிகையுணவுக்கு வித்தாகின்றது. ஆதலின் வேளை தவறாது, வீட்டாருடன் அமர்ந்து, சுவையறிந்து உண்பதே முதற்படி. உணவின் அளவைப் பேசும் திருக்குறள் அதிகாரத்தின் பெயர் ‘மருந்து’. பெற்றோர்களே, அம்மருந்தை ஏச்சோடு பரிமாறாதீர்கள். பிள்ளையின் உடலைப் பழியாது, மனத்துயரைக் கேளுங்கள். தயங்காது மருத்துவரையும் நாடுங்கள்.