பன்னாட்டுத் தொண்டு முகாமும் நம் இளைஞர்களும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரை)

 

நம் மஹல்லா இளைஞர்கள் சிலர் பன்னாட்டு இளைஞர் தொண்டு முகாம்களில் வழிநடத்துநராகப் பணியாற்ற ஜமாஅத்தின் ஒப்புதலைக் கோரியுள்ளனர். பெற்றோர் சிலர் தயங்குகின்றனர். தயக்கம் நியாயமானதே. அம்முகாம் எத்தகையது என்று அறிந்த பின் முடிவெடுப்போம்.

முதல் உலகப் போரில் வெர்துன் போர்முனையருகே சிதைந்த எஸ்ன் என்னும் பிரெஞ்சுக் கிராமத்திற்கு 1920இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியேர் செரெசோல் ஒரு சிறு குழுவை அழைத்துச் சென்றார். அதில் ஜெர்மானியரும் இருந்தனர். பகை ஆறாத மண் அது; சில மாதங்களிலேயே பணி நின்றுபோயிற்று. ஆயினும் 1927இல் ரைன் நதி பெருக்கெடுத்து லீக்டன்ஸ்டைன் நாட்டைச் சேற்றில் மூழ்கடித்தபோது, மறு ஆண்டு எழுநூறுக்கும் மேற்பட்ட தொண்டர்கள் பல நாடுகளிலிருந்து வந்து மண் அள்ளினர். ‘சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்’ என்னும் அமைப்பு இவ்வாறு வேரூன்றியதுதான். 1934 ஜனவரி 15இல் பீகாரை நிலநடுக்கம் குலைத்தபோது செரெசோல் அங்கும் வந்து, முசாபர்பூர் பகுதிக் கிராமங்களின் மறுசீரமைப்பில் உழைத்தார்.

இத்தகைய முகாம்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்கள் நடைபெறும். பத்து முதல் இருபது பேர் வரை இருப்பர். வழிநடத்துநர் என்றதும் கட்டளையிடும் தலைவர் என்று நம்மவர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. மண்வெட்டியும் கூடையும் போதுமா என்று எண்ணிப் பார்ப்பது, சமையல் முறை வகுப்பது, ஆங்கிலம் சரளமாக வராமல் ஒதுங்கி அமர்ந்திருப்பவரைப் பேசவைப்பது, மாலையில் அனைவரையும் வட்டமாக அமர்த்தி அன்றைய குறைகளைக் கேட்பது ஆகியவையே அவர் பணி. பேச்சு வல்லவர்களைவிடக் காது கொடுப்பவர்களே இதற்குப் பொருத்தமானவர்கள் என்பது எங்கள் கருத்து.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. பழக்கமில்லாத பத்து இளைஞர்கள் இரண்டு நாள் எழுப்பும் சுவரை உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் ஒரே நாளில் நேர்த்தியாக முடித்துவிடக்கூடும். அவர் கூலியைப் பறித்துத் தொண்டு செய்வது தொண்டாகாது. ஊராருக்கு எது தேவை என்று முதலில் அவர்களிடமே கேட்டு, கொத்தனாரை ஆசானாக வைத்து, இளைஞர்களைச் சிற்றாளாக நிறுத்துபவரே நல்ல வழிநடத்துநர். புகைப்படத்திற்காக மரக்கன்று நட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்ற ஆள் வைக்காமல் திரும்பும் முகாம்களும் இல்லாமலில்லை. நம் பிள்ளைகள் அதை அங்கேயே தட்டிக் கேட்க வேண்டும்.

பிற சமயத்தாருடன் சேர்ந்து உழைக்கலாமா என்று ஒரு பெரியவர் வினவினார். நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன்பே, அநீதி இழைக்கப்பட்டோருக்குத் துணைநிற்கும் ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் மக்கத்துக் குலத்தாருடன் பங்கேற்றார்கள்; பிற்காலத்திலும் அதைப் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்கள். ஹிஜ்ரி 5இல் அகழ் தோண்டும் யோசனையைக் கூறியவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி). அந்த அகழில் நபி (ஸல்) அவர்கள் தாமே மண் சுமந்தார்கள். கட்டளையிட்டுக் கரையில் நிற்கவில்லை.

எஞ்சியவை நடைமுறைச் செய்திகள். பயணச் செலவு பொதுவாகத் தொண்டருடையது. உணவும் தங்குமிடமும் முகாமில் கிடைக்கும். ஹலால் உணவு, தொழுகை நேரம், ஜும்ஆ ஆகியவற்றை விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும்; போன பின் கேட்டுச் சங்கடப்படலாகாது. பெண் பிள்ளைகளின் தங்குமிட ஏற்பாட்டை எழுத்துமூலம் பெற்று, பெற்றோரிடம் காட்டிய பின்பே ஒப்புதல் வழங்கலாம். முதன்முறை செல்பவர் நேரே வழிநடத்துநராகாமல், ஒரு முகாமில் சாதாரணத் தொண்டராக இருந்துவிட்டு, அதற்குரிய பயிற்சியும் பெற்றுக்கொள்வதே நலம். பயணச் செலவுக்கு வசதியற்ற பிள்ளைகளுக்கு பைத்துல்மாலிலிருந்து உதவலாமா என்பதை ஆலிம்களின் கருத்தறிந்து நிர்வாகக் குழு முடிவு செய்யட்டும். விண்ணப்பித்த இளைஞர்கள் இஷா தொழுகைக்குப் பின் செயலாளரைச் சந்திக்கவும். வஸ்ஸலாம்.