கிட்டாருக்குள் ஓடும் கம்பி



விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டை என்றால் அகல் விளக்கும், கொலு பொம்மையும், வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்கும் ப்யூஸ் கட்டையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். மண்ணைப் பொடித்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு எடுக்கிற வேலை அது. ஏறக்குறைய இதே முறையில்தான் செராமிக் காந்தமும் பிறக்கிறது. இரும்பு ஆக்சைடுடன் பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட்டைச் சேர்த்து, அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். உங்கள் வீட்டு ஸ்பீக்கரின் பின்புறம் கறுப்பு வளையமாக இருப்பது அதுதான். எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் பலவற்றிலும் இதே காந்தம் உண்டு. சூளையோடும் மின்சாதனத்தோடும் பழகிய இந்த ஊர் இளைஞர்கள் சொந்தமாக ஒரு கிட்டார் செய்ய நினைத்தால், அது எட்டாத கனவு அல்ல. மரவேலையை நல்ல தச்சர் சொல்லித் தருவார். நான் பேச வந்தது உள்ளே ஓடும் வயரிங்கைப் பற்றி.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பியும்தான். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் வகை பிக்கப்பில் சுமார் 8,000 சுற்று. நீட்டிப் பிடித்தால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் வரும். கம்பியின் கனம் 0.063 மில்லிமீட்டர். நம் ஊர்க் கணக்கில் 46 கேஜுக்கு மிக அருகில். ஃபேன் காயில் கட்டும் கடையில் புழங்கும் கம்பி இதைப்போல மூன்று மடங்கு கனம். ஆகவே கடைக்காரரிடம் கேஜ் எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1963இல் பிரையன் மே என்ற பள்ளி மாணவர், தந்தை ஹெரால்டுடன் சேர்ந்து ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், தந்தியை இழுத்து நெகிழ்த்தும் பொறிக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். பிக்கப்பையும் அவரே சுற்றிப் பார்த்தார். தந்தியை வளைக்கும்போது ஓசை சரியாக வராததால், பர்ன்ஸ் நிறுவனத்தின் மூன்று பிக்கப்புகளை வாங்கிப் பொருத்தினார். ஆனால் வயரிங் முழுக்க அவருடையது. மூன்றையும் தொடரிணைப்பில் கோத்து, ஒவ்வொன்றுக்கும் அணைக்க ஒரு சுவிட்ச், திசை மாற்ற ஒரு சுவிட்ச் என ஆறு சுவிட்சுகள் வைத்தார். பிற்பாடு அவர் வாசித்த குவீன் இசைக்குழுவில் உலகமே கேட்ட அந்தக் கிட்டார் குரலில் பெரும்பங்கு இந்த ஆறு சுவிட்சுகளுக்கு உண்டு என்பது என் துணிவு.

பத்தாம் வகுப்பில் படித்த தொடரிணைப்பும் பக்க இணைப்பும் இங்கே காதுக்கே கேட்கும். இரண்டு பிக்கப்பைப் பக்க இணைப்பில் சேர்த்தால் ஓசை தெளிவாக, சற்று மெலிதாக வரும். தொடரில் சேர்த்தால் கனத்து, சத்தம் கூடி வரும். ஒன்றின் இரு முனைகளை மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டி, மூக்கால் பாடுவதுபோன்ற குரல் எழும். ஆறு கால் டாகிள் சுவிட்ச் ஒன்று இருந்தால் தொடரிலிருந்து பக்கத்துக்கு மாறலாம். நான் சொல்வது இதுதான்: துளை போடுவதற்கு முன், சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன், எந்தெந்தக் குரல் வேண்டும் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குத் தேவையான சுவிட்சை மட்டும் வையுங்கள். எட்டுக் குரல் தரும் கிட்டாரில் எல்லாவற்றையும் வாசிப்பவர் அரிது.

கர்நாடக இசை வாசிக்க நினைப்பவருக்கு இது இன்னும் முக்கியம். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் என்ன செய்தார்? நான்கு இரட்டைத் தந்திகள் கொண்ட வாத்தியத்தை ஐந்து ஒற்றைத் தந்திகளாக மாற்றி, மின் மாண்டலினில் வாசித்தார். ஒற்றைத் தந்தி கமகத்துக்கு வளைந்து கொடுக்கும்; பிக்கப்பும் ஒலியைப் பெருக்கும் ஆம்பும் நாதம் உடனே அறுந்துபோகாமல் தாங்கிப் பிடிக்கும். தன் இசைக்கு என்ன வேண்டும் என்று முதலில் தெரிந்துகொண்டு, பிறகு வாத்தியத்தை அதற்கு இணங்க வைத்தவர் அவர். சுருதியின் அமைதியில் வாசிப்பவருக்கு, ஆம்பிலிருந்து வரும் "ம்ம்ம்" என்ற இரைச்சல் பெரிய எதிரி.

அந்த இரைச்சல் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். ட்யூப் லைட் சோக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் பரப்புவதைச் சுருள் ஆண்டெனாவாக வாங்கிக்கொள்கிறது. கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955இல் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு சுருள்கள், ஒன்றின் காந்தம் தலைகீழ், மின் திசையும் தலைகீழ். தந்தியின் ஓசை இரண்டிலும் ஒரே திசையில் வந்து கூடும். இரைச்சலோ எதிரெதிராக வந்து அழிந்துபோகும். தனித்தனி பிக்கப் இரண்டு வைத்தாலும் இதே ஏற்பாட்டைச் செய்யலாம். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது இரைச்சல் இருக்காது. சுற்றும்போதே தொடக்க முனையையும் முடிவு முனையையும் வெவ்வேறு நிற வயரில் எடுங்கள். காந்தத்தின் வட முனையைத் திசைகாட்டியில் பார்த்துக் குறித்துவையுங்கள். முள் உள்ள பழைய மல்டிமீட்டரை இணைத்து, ஸ்க்ரூ டிரைவரைப் பிக்கப்பின் மேல் வைத்துச் சட்டென்று எடுத்தால் முள் ஒரு பக்கம் துள்ளும். இரண்டு பிக்கப்பிலும் ஒரே பக்கம் துள்ள வேண்டும்.

வால்யூம் கன்ட்ரோல் ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு 500. அதைவிட மிகவும் குறைந்தால் கூர்மையான ஓசை மங்கும். ரேடியோ கடையில் 220, 470 கிடைத்தால் தாராளமாகப் போடலாம், வித்தியாசம் தெரியாது. டோனுக்கு 0.022 அல்லது 0.047 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர். சாதாரண செராமிக் வில்லையே போதும், விலை உயர்ந்ததைத் தேடி அலைய வேண்டாம்.

இனி ஒன்றே ஒன்று, மிக முக்கியமானது. கிட்டாரின் தந்திகள் எல்லாம் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். கை பட்டதும் இரைச்சல் அடங்குவது அதனால்தான். ஆம்பில் மின்கசிவு இருந்து, வீட்டில் எர்த்தும் இல்லாவிட்டால், அந்த மின்சாரம் உங்கள் விரலுக்கே வரும். 1972இல் லெஸ்லி ஹார்வி என்ற ஸ்காட்லாந்து கிட்டார் கலைஞர், மேடையில் கிட்டாரோடு நின்றபடி மைக்கைத் தொட்டு, மின்சாரம் தாக்கி இறந்தார். ஆகவே மூன்று பின் பிளக்கின் எர்த் காலை ஒருபோதும் வெட்டாதீர்கள். கிட்டாரைச் சொருகும் முன், வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள்.