கார் வருவதற்கு முன்னால் பணம் போகக் கூடாது

(அறக்கட்டளையின் குடும்ப நல விழிப்புணர்வுக் கூட்டத்தில், பழைய கார் வாங்கி விற்கும் தொழிலில் உள்ள சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆன்லைனில் பழைய கார் வாங்கும்போது நடக்கிற ஏமாற்று வேலைகளைப் பற்றி, அதிலும் ஸ்போர்ட்ஸ் கார் பற்றிப் பேசும்படி நிர்வாகிகள் சொன்னார்கள். சிலர் சிரிக்கிறீர்கள். நம் தெருவில் ஆட்டோ திரும்புவதே கஷ்டம், இதில் ஸ்போர்ட்ஸ் காரா என்று. ஆனால் உங்கள் பிள்ளைகளின் போனை வாங்கிப் பாருங்கள், அதில் அந்தக் கார்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஏமாற்றுகிறவனுக்கும் அது தெரியும். தேவைக்குக் கார் வாங்குகிறவர் பத்துப் பேரிடம் விசாரிப்பார், மெக்கானிக்கை அழைத்துப் போவார். ஆசைக்கு வாங்குகிறவன் வீட்டில் வாயே திறக்க மாட்டான். அந்த மௌனம்தான் அவர்களுக்கு முதலீடு.

ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். ஃபோர்டு மஸ்டாங். 2016 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது ஷோரூம் விலை 65 லட்சம். இன்றைக்கு அது பாதி விலைக்குக் கிடைத்தாலே ஆச்சரியம். விளம்பரத்தில் 11 லட்சம் என்று போட்டிருக்கும். நம் பையன் என்ன நினைப்பான்? "அவருக்கு ஏதோ அவசரம், நமக்கு அதிர்ஷ்டம்." அவசரத்தில் இருக்கிறவர் ஐந்து லட்சம் குறைப்பார், பத்து லட்சம்கூடக் குறைப்பார். ஐந்தில் ஒரு பங்கு விலைக்குத் தர மாட்டார். என்னைப் போன்ற வியாபாரிகள் ஊருக்கு ஊர் காத்திருக்கிறோம். அப்படி ஒரு கார் உண்மையிலேயே இருந்தால் அன்று மதியத்துக்குள் எங்களில் ஒருவர் தூக்கியிருப்போம்.

அடுத்தது படம். இந்தியாவில் விற்ற மஸ்டாங்கிற்கு ஸ்டியரிங் வலது பக்கம். அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் ஓடுவது இடது பக்கம். நம்பர் பிளேட்டை மறைத்துவிட்டு, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிற படத்தைப் போட்டு, "சென்னை, ஒரே ஓனர்" என்று எழுதியிருப்பார்கள். பையன் காரின் நிறத்தைப் பார்ப்பானே தவிர ஸ்டியரிங்கைப் பார்க்க மாட்டான். கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைப் போட்டுத் தேடினால், பல சமயம் வேறு நாட்டு விளம்பரம் ஒன்றில் அதே படம் கிடைக்கும்.

இனி பேச்சுக்கு வருவோம். போனில் கிடைக்கிறவர் பெரும்பாலும் "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், அதனால் விற்கிறேன்" என்பார். சீருடைப் படமும் அடையாள அட்டையும் கேட்காமலே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். நம்மிடம் இன்னொரு வேஷமும் போடுவார்கள். நம் பெயரைப் பார்த்ததும் சலாம் சொல்லித் தொடங்குவார்கள். "ஹஜ்ஜுக்குப் போகிறேன் பாய், வண்டி நல்ல கைக்குப் போகணும்" என்பார்கள். சலாமுக்குப் பதில் சொல்லுங்கள், அது கடமை. அதோடு ஆர்.சி. புக்கின் இரண்டு பக்கத்தையும் கேளுங்கள். உண்மையான ஹாஜி அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காரை நேரில் பார்க்க வேண்டும் என்றால் அது விமான நிலையப் பார்க்கிங்கில் இருக்கும், அல்லது கேம்ப்புக்குள் இருக்கும். உள்ளே யாரையும் விட மாட்டார்களாம். ஆனால் ராணுவ லாரியில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுமாம், லாரி வாடகை மட்டும் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. நம் பகுதிப் பிள்ளை ஒருவனின் விஷயம் என்னிடம் வந்தது. முதலில் 5,100 ரூபாய் வாடகை. மறுநாள் "வண்டி செக்போஸ்ட்டில் நிற்கிறது, ஜி.எஸ்.டி. 18,000 கட்டுங்கள், வண்டியோடு திரும்பக் கிடைக்கும்." பிறகு இன்சூரன்ஸ். பிறகு கேட் பாஸ். ஒவ்வொரு முறையும் அவன் கட்டியது காருக்காக அல்ல, ஏற்கெனவே கட்டியது போய்விடக் கூடாதே என்பதற்காக. நாலு நாளில் 1,40,000. அதில் ஒரு பகுதி அக்காவின் நிக்காஹ்வுக்கு என்று உம்மா அவன் கணக்கில் போட்டு வைத்திருந்தது. உம்மாவுக்கு அது தெரிய மூன்று வாரம் ஆனது. அதற்குள் பணம் எத்தனை கணக்கு மாறிப் போயிருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆகையால் வரிசை முக்கியம். முதலில் கார், பிறகு காகிதம், கடைசியில் பணம். "இன்னும் ஐந்து பேர் கேட்கிறார்கள், டோக்கன் அட்வான்ஸ் போடுங்கள்" என்றால், "அந்த ஐந்து பேரில் ஒருவருக்கே கொடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கார் நிஜமாகவே கண் முன்னால் நின்றாலும் ஏமாற முடியும். அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் மாடல், பதிவான தேதி, இன்சூரன்ஸ், கடன் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். ஆனால் நம்பர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதே நிறம், அதே மாடல் கார் ஒன்றின் நம்பரை எழுதி மாட்டிவிடுவார்கள். எனவே வண்டியில் பொறித்திருக்கிற சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட வேண்டும். பொறித்த இடம் தேய்த்தது போலவோ புதிதாகப் பெயின்ட் அடித்தது போலவோ தெரிந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

நம் மாவட்டங்களில் அதிகம் நடப்பது அடமான வண்டி. வாடகைக்கு எடுத்த காரை, அல்லது தவணை கட்டாத காரை, "ஆர்.சி. பிறகு தருகிறேன்" என்று குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஒருநாள் உண்மையான சொந்தக்காரரோ ஃபைனான்ஸ்காரர்களோ வந்து வண்டியை எடுத்துப் போவார்கள். போலீஸ் விசாரணையில் நிற்பது நீங்கள். ஆர்.சி.யில் ஹெச்.பி. இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வேண்டும். அந்த என்.ஓ.சி.யைக் கையில் வாங்கிப் பார்த்தால் மட்டும் போதாது, அந்த வங்கிக் கிளைக்கே நேரில் போய்க் கேளுங்கள். பெயர் மாற்ற படிவம் 29, 30. பணம் அனுப்பும்போது யு.பி.ஐ.யில் வருகிற பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "என் மச்சான் கணக்குக்குப் போடுங்கள்" என்றால் அந்த மச்சானே வந்து காரை விற்கட்டும்.

புதுச்சேரி, டெல்லி நம்பர் கார்கள் மலிவாகத் தெரியும். அது எல்லாமே மோசடி இல்லை. ஆனால் இங்கே பெயர் மாற்றும்போது அந்த மாநிலத்து என்.ஓ.சி.யும் நம் மாநில வரியும் வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரியை உயர்த்திய பிறகு, 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதிய காருக்கு 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும். விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை சோதனை நடத்தியது, பூட்டானிலிருந்து கடத்தி வந்து வேறு மாநிலத்தில் பதிவு செய்த சொகுசுக் கார்களைத் தேடித்தான். அப்படிப்பட்ட காரைத் தெரியாமல் வாங்கியவர் வீட்டுக்கும் அதிகாரிகள் வருவார்கள்.

சபராளிப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. துபாயிலும் ஷார்ஜாவிலும் இதே மஸ்டாங் சல்லிசாகக் கிடைக்கும். அமெரிக்காவில் விபத்தில் நொறுங்கி இன்சூரன்ஸ் கம்பெனி கழித்துவிட்ட கார்களை ஏலத்தில் எடுத்து, அங்கே கொண்டுவந்து சரிசெய்து விற்பதுண்டு. ஏர்பேக் வெடித்த இடத்தில் வெறும் மூடியை மட்டும் மாட்டியிருந்தாலும் வெளியே தெரியாது. ஸ்பீடோமீட்டரில் மைல் பெரிதாக இருந்தால் அமெரிக்க வண்டி என்று சந்தேகப்படுங்கள். 17 எழுத்து வி.ஐ.என். நம்பரைப் போட்டு கார்ஃபாக்ஸ் அறிக்கை எடுத்தால் விபத்து வரலாறு பெரும்பாலும் வந்துவிடும். அங்குள்ள சோதனை மையத்தில் காரைக் காட்டி, பெயர் மாற்றுகிற அந்த இடத்திலேயே பணம் கொடுங்கள்.

வீட்டில் உள்ள பழைய காரை விற்கிறவர்களும் கவனியுங்கள். "பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்பார்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும். வாட்ஸ்அப்பில் வருகிற ஏ.பி.கே. ஃபைலையும் தொடாதீர்கள். ஆர்.டி.ஓ. அபராதம், எம்பரிவாஹன் என்றெல்லாம் அதற்குப் பெயர் வைத்திருப்பார்கள்.

பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் செய்யலாம். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அதை முடக்கச் சொல்வார்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சொன்னால் வாய்ப்பு அதிகம், மூன்று வாரம் கழித்துச் சொன்னால் வெகு குறைவு. இதற்காகத்தான் அத்தாமார்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளை வந்து "பணம் போச்சு" என்றால், கை ஓங்குவதற்கு முன் போனை எடுங்கள். திட்டுவதை இரவு வைத்துக்கொள்ளலாம். திட்டுக்குப் பயந்து ஒளித்தவன் கட்டிய நாலாவது தவணைதான் அவர்களுடைய லாபம்.

கார் பார்க்கப் போகிறவர்கள் வண்டி நம்பரோடு இஷாவுக்குப் பிறகு என் பட்டறைக்கு வரலாம். ஆர்.சி.யும் சேஸிஸும் பார்த்துச் சொல்ல அரைமணி நேரம் போதும். காசு வேண்டாம், டீ மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.