கூலி எழுதாத மராமத்து

(கரடியூரில் காபித் தோட்டத் தொழிலாளர்களும் சேலம் மில் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றி, போனஸைப் பற்றி, ஒழுகுகிற லைன் கூரையைப் பற்றி நாம் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருக்கிறீர்கள். இன்று கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசப் போகிறோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ் ஏறி வந்த சேலத்து மில் தோழர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டதும் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். இதுவும் கூலிப் பேச்சுதான்.

போன மாதம் இதே ஊரில் ஒரு தோழர் நம்மைத் தனியே அழைத்தார். இருபது வருஷமாகக் காபிச் செடிக்குக் கவாத்து செய்கிறவர். "தோழரே, என் பையன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். என்னடா பண்றேன்னா, ரிப்பேர் வேலைங்கிறான். யாரு மிசினுக்குடான்னா, எல்லாருக்கும் பொதுங்கிறான். கூலி எவ்வளவுன்னு கேட்டா சிரிக்கிறான். இது வெட்டி வேலைதானே?" என்று கேட்டார்.

வெட்டி! கூலி கொடுக்காமல் வாங்கும் வேலைக்கு நம் கிராமங்களில் வழங்கிய பெயர்தான் அது. சரியான சொல்லைத்தான் அவர் எடுத்தார். ஆனால் பதில் சொல்ல நமக்குத் தெரியவில்லை. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு கட்சி வேலைக்கு வந்தவர் நாம். ஆகவே பையனிடமே மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்டோம். அவன் சொன்னதையும், அதற்கு மேல் நாம் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே வைக்கிறோம்.

அவன் ரிப்பேர் செய்கிற பண்டத்துக்குக் கம்பைலர் என்று பெயர். கம்ப்யூட்டர் யந்திரத்துக்கு மின்சாரம் உண்டு, இல்லை என்ற இரண்டே சங்கதிதான் புரியும். மனிதன் இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால் ஆயுசு போதாது. அதனால் மனிதனுக்குப் புரிகிற ஒரு பாஷையில் கட்டளைகளை எழுதுகிறான். அதை யந்திரத்தின் பாஷைக்கு மாற்றிக் கொடுப்பது கம்பைலர். அந்தக் காலத்தில் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் கங்காணி நின்றானே, அப்படி வைத்துக்கொள்ளுங்கள். கங்காணி தப்பாகச் சொன்னால் துரைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இதை மறந்துவிடாதீர்கள், பிறகு வருவோம்.

எழுதும் பாஷை இங்கிலீஷாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. முத்து அண்ணாமலை என்பவர் 2007 வாக்கில் தொடங்கி உருவாக்கிய 'எழில்' என்ற பாஷையில் "பதிப்பி", "இல்லை", "முடி" என்று தமிழிலேயே யந்திரத்துக்குக் கட்டளையிடலாம். அதன் உள்கட்டும் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கிறது.

உள்கட்டு திறந்திருப்பது ஏன் பெரிய விஷயம்? கம்பைலரும் மனிதன் எழுதியதுதான். அந்த மூல எழுத்தைக் கம்பெனிக்காரன் பூட்டி வைத்துக்கொண்டு, ஓட்டுவதற்கு மட்டும் லைசென்ஸ் கொடுத்து வாடகை வாங்கலாம். 1983ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் இதை எதிர்த்து, எவரும் ஓட்டவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள் வேண்டும் என்று ஒரு வேலையைத் தொடங்கினார். 1987ல் அதிலிருந்து ஜிசிசி என்ற கம்பைலர் வெளிவந்தது. 1991ல் பிறந்த லினக்ஸ் இதைக் கொண்டுதான் கட்டப்பட்டது. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிக்குள் ஓடுவதும் லினக்ஸ்தான். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் கைபேசியில் படம் எடுத்தால்தான் வருகை என்று ஆக்கினார்களே, படம் ஏறாவிட்டால் அன்றைய கூலிக்கே ஆபத்து வந்ததே, அந்தச் செயலியும் ஏதோ ஒரு கம்பைலரின் கை வழியாக வந்ததுதான். கோளாறு கம்பைலரின் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. நம் அடுப்புக்கு எவ்வளவு பக்கத்தில் இந்தப் பண்டம் இருக்கிறது என்று காட்டவே சொல்கிறோம்.

இங்கே ஒரு மில் ஃபிட்டர் தோழர் நல்ல கேள்வி கேட்டார். "ஸ்பிண்டில் தேயும், பேரிங் போகும், எண்ணெய் வற்றும். அதனால் மெயின்டனன்ஸ் வேண்டும். எழுத்து எப்படித் தேயும்? ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் போதாதா?"

எழுத்து தேயாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள தரை நகர்கிறது. நம் ஊர்களில் ரோட்டுக்கு மேல் ரோடாகப் போட்டு உயர்த்திக்கொண்டே போகிறார்கள். வீடு அசையவில்லை, சுவர் விழவில்லை. ஆனால் பத்து வருஷத்தில் வாசல் பள்ளமாகி, மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது. அதேபோல புதிய சில்லு வருகிறது, புதிய கம்ப்யூட்டர் வருகிறது, பாஷையின் விதிகள் மாறுகின்றன. பைதான் என்ற பாஷையின் இரண்டாம் வரிசைக்கு 2020 ஜனவரி 1 அன்று பராமரிப்பு முடிந்தது. அதை நம்பி எழுதப்பட்டவை உலகெங்கும் மாற வேண்டியதாயிற்று. சும்மா நின்றவனும் பின்தங்கினான்.

ஜிசிசி இன்று ஒரு கோடி வரிகளுக்கு மேல் வளர்ந்த பண்டம். வருஷத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. வருஷத்தில் சில மாதம்தான் புதிய வசதிகளைச் சேர்க்க அனுமதி. அப்புறம் கதவை அடைத்துவிட்டு ரிப்பேர் மட்டும். கடைசிக் கட்டத்தில், 'நேற்று ஓடியது இன்று ஓடவில்லை' என்ற வகைக் கோளாறுகளுக்குத்தான் இடம். தலையாய கோளாறு ஒன்று மிச்சமிருந்தாலும் பதிப்பு வெளியே போகாது. உற்பத்தி, உற்பத்தி என்று மெஷினை நிறுத்தவே விடாத மில் மானேஜர்கள் இதை வந்து பார்க்க வேண்டும்!

'நேற்று ஓடியது இன்று ஓடவில்லை' என்றால் கோளாறை எப்படிப் பிடிக்கிறார்கள்? பையன் இதை விளக்கியபோது நமக்கு உற்சாகமாகிவிட்டது. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் ஆயிரம் திருத்தம் நடந்திருக்கிறது, எது கெடுத்தது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயிரம் சோதனை. சுனையிலிருந்து லைனுக்கு வரும் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நடுவில் கழற்றிப் பார்ப்பீர்கள். தண்ணீர் வந்தால் அடைப்பு கீழ்ப் பாதியில், வராவிட்டால் மேல் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குவீர்கள். அதே வித்தைதான்! ஆயிரம் திருத்தத்துக்குப் பத்தே சோதனையில் குற்றவாளி அகப்பட்டுக்கொள்வான். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் கம்பைலரை முழுதாகக் கட்ட வேண்டும். பழைய மிசினில் அதற்கு மணிக்கணக்காகும். பையன் இரண்டு மணி வரை விழித்திருப்பதன் ரகசியம் இதுதான்.

இன்னொரு வேலை, கோளாறைச் சுருக்குவது. எவனோ ஒருவன் ஐயாயிரம் வரியை அனுப்பி "ஓடவில்லை" என்று கை கழுவிவிடுவான். கோளாறு மறையாதபடி ஒவ்வொரு வரியாக உருவிப் போட்டு, பத்து வரியில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பெயர் வராத வேலை, புகழ் வராத வேலை. ஆனால் இது நடக்காமல் மேலே இருக்கிற நிபுணனால் ரிப்பேரில் கைவைக்க முடியாது.

கட்டி முடித்த கம்பைலரைச் சோதிக்கும் முறையும் கேளுங்கள். பழைய கம்பைலரைக் கொண்டு புதியதைக் கட்டுகிறார்கள். அந்தப் புதியதைக் கொண்டு அதே மூலத்தை மறுபடி கட்டுகிறார்கள். அதைக் கொண்டு மூன்றாம் முறை கட்டுகிறார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ பிசகு.

சரி, இதெல்லாம் அமெரிக்காக்காரன் விவகாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். சென்னைக்கு வாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையில் 'சக்தி' என்ற பெயரில் நம் நாட்டுச் சில்லுகளை வடிவமைத்தார்கள். முதல் சில்லுகள் 2018ல் வந்தன. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவோடு சேர்ந்து 'ஐரிஸ்' என்ற சில்லை அறிவித்தார்கள். அது மொகாலியில் உள்ள மத்திய சர்க்காரின் செமிகண்டக்டர் லேபரட்டரியில் செய்யப்பட்டது. வாடகை கொடுத்து வாங்க வேண்டாத ரிஸ்க்-ஃபைவ் என்ற பொதுக் கட்டளைத் தொகுதியின் மேல் எழுந்தவை இவை. சக்தியின் வடிவமைப்பையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். நல்ல காரியம்.

ஆனால் அந்த வடிவத்தை எழுதிய பாஷை புளூஸ்பெக். அதன் கம்பைலர் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பூட்டுக்குள் இருந்தது! நெசவு மாதிரி நம்முடையது, தறியின் சாவி அவனிடம். வடிவம் திறந்திருந்து என்ன பயன்? அந்தக் கம்பெனியின் லைசென்ஸ் இல்லாதவன் அதைக் கட்டிப் பார்க்க முடியாது. 2020 ஜனவரியில் கம்பெனி அந்தக் கம்பைலரின் மூலத்தைத் திறந்துவிட்டது. கைதட்டினார்கள், நாமும் தட்டுகிறோம். தட்டிவிட்டு ஒன்று கேட்கிறோம்: மறுநாள் காலையில் அதற்கு எண்ணெய் போட்டது யார்?

அந்தக் கம்பைலர் ஹாஸ்கெல் என்ற இன்னொரு பாஷையில் எழுதப்பட்டது. ஹாஸ்கெல் கம்பைலருக்குப் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் இதையும் திருத்திப் பொருத்த வேண்டும். தரை நகர்கிறது என்றோமே, இதுதான். இந்த வேலையைச் செய்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தேசத்தின் சில்லு என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த விரல்களை எண்ணியதுண்டா?

பொது ஏரிக்குக் குடிமராமத்து இருந்ததே, அதுபோல எல்லோரும் கூடிச் செய்தால் தீர்ந்தது என்று சிலர் இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள். குடிமராமத்தின் கதை நமக்குத் தெரியாதா? ஏரி பொதுதான். கரைக்கு மண் சுமந்தது யார்? பண்ணையாளும் சேரி ஜனங்களும். தண்ணீர் முதலில் பாய்ந்தது எங்கே? மிராசுதார் வயலில். 1858ல் வெள்ளைக்கார சர்க்கார் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்றைப் போட்டு அந்த மராமத்தைச் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவந்தது. ஏரியைப் பொதுவில் வைத்தது சரி. மண் சுமந்தவனுக்குக் கூலி எழுதாததுதான் அநியாயம்.

இன்றும் அதே கணக்கு ஓடுகிறது. முழுச் சித்திரத்தையும் சொல்ல வேண்டும்: ஜிசிசி போன்ற பெரிய கம்பைலர்களில் வேலை செய்கிற பலருக்கு ரெட் ஹேட், சூசே போன்ற கம்பெனிகள் சம்பளம் கொடுக்கின்றன. ஆனால் கம்பெனி தன் மதகுப் பக்கத்துக் கரையைத்தான் முதலில் பார்க்கும். மூலைக் கரையைப் பார்ப்பவன் தன் தூக்கத்தை விற்றுப் பார்க்கிறான்.

அதன் விளைவை 2024 மார்ச்சில் உலகம் கண்டது. எக்ஸ்-இசட் என்று ஒரு சிறு கருவி. கோப்புகளைச் சுருக்கிக் கட்டுவது அதன் வேலை, உலகத்து லினக்ஸ் யந்திரங்கள் பலவற்றில் இருக்கிறது. அதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டவர் ஒரே மனிதர், சம்பளம் கிடையாது. மனம் சோர்ந்துபோனார். "ஏன் தாமதம்?" என்று கடிதத்துக்கு மேல் கடிதமாக விரட்டினார்கள். அந்த நேரத்தில் பொய்ப் பெயரோடு ஒருவன் "நான் உதவுகிறேன்" என்று வந்தான். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து சாவியைக் கையில் வாங்கினான். அப்புறம் கட்டும் முறைக்குள்ளேயே ஒரு திருட்டு வாசலை ஒளித்து வைத்தான். ஆண்ட்ரஸ் ஃபிராயண்டு என்ற எஞ்சினீயர், தன் யந்திரத்துக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று குடைந்து பார்த்ததால் அது அகப்பட்டது. அரை விநாடி தோழர்களே!

கங்காணியை மறக்க வேண்டாம் என்றோம். கென் தாம்ஸன் என்ற அறிஞர் 1983ல் டியூரிங் பரிசு உரையில் இதையே எச்சரித்தார். கம்பைலருக்குள்ளேயே திருடனை ஒளித்து வைக்கலாம். மூல எழுத்தில் அவன் தடயமே இராது, ஆனால் அது கட்டுகிற அடுத்த கம்பைலருக்குள்ளும் அவன் குடியேறிவிடுவான். ஆகவே மூலம் திறந்திருந்தால் மட்டும் போதாது. பார்க்கிற கண் வேண்டும். அந்தக் கண் தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும்.

நாம் கேட்பது இதைத்தான். ஜெர்மன் சர்க்கார் 2022ல் இப்படிப்பட்ட பொதுக் கருவிகளின் பராமரிப்புக்கென்றே ஒரு நிதியை ஏற்படுத்தியது. நம் சர்க்கார் சில்லுக்கு ஒதுக்கும் பணத்தில் கம்பைலர் மராமத்துக்கு நிரந்தர வேலையிடங்கள் வேண்டும். லாபம் பார்க்கும் கம்பெனிகளிடமிருந்து பங்கு வாங்க வேண்டும். சாவியைத் திரும்பக் கம்பெனியிடமே கொடுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது ஏரியை மிராசுதாருக்குக் கிரயம் எழுதிக் கொடுக்கிற யோசனை.

கவாத்துத் தோழருக்கு என்ன பதில் சொன்னோம்? "வேலை வெட்டியில்லை, கூலிதான் வெட்டி" என்றோம். அவருக்குத் திருப்தியில்லை. "அப்போ நிறுத்தச் சொல்லட்டுமா?" என்றார். நிறுத்தச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. சங்க அறையில் அவனுக்கு ஒரு மேஜையும் கரண்டும் கொடுப்பது, ராத்திரி பத்து மணிக்கு மேல் அறையைப் பூட்டுவது, செய்த வேலையின் நேரத்தைத் தினம் நோட்டில் எழுதுவது என்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. "நோட்டுல எழுதினா கூலி வந்துருமா?" என்று தோழர் கேட்டார். வராது. ஆனால் மஸ்டர் ரோல் இல்லாமல் எந்தக் கூலி வழக்கை நாம் ஜெயித்திருக்கிறோம்?

பையன் அதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். சந்தேகம் இருந்தால் அவனைக் கேளுங்கள். நம்மிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமைச் சரக்குதான் இருந்தது, தீர்ந்துவிட்டது.