காசு போகும் வழியும் கணக்கில் உள்ள பெயரும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வங்கிகளில் வேலை செய்யும் எங்களைப் பேச அழைத்ததும், வட்டி வீதத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறார்கள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நாங்கள் பேச வந்தது ஆட்கடத்தலைப் பற்றி. வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றிக் கொண்டுபோய், பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைப்படுத்துகிறவர்கள் அதில் காசு உழைக்கிறார்கள். கட்டாய உழைப்பிலிருந்து ஆண்டுதோறும் 236 பில்லியன் டொலர் சட்டவிரோத இலாபம் ஈட்டப்படுவதாகச் சர்வதேச தொழில் அமைப்பு 2024இல் மதிப்பிட்டது. இவ்வளவு காசைத் தலையணைக்குள் ஒளித்து வைக்க முடியாது. எங்கோ ஓர் இடத்தில் அது எங்களைப் போன்றவர்களின் கருமபீடத்துக்கு வந்தே ஆகவேண்டும்.

அமெரிக்காவில் 10,000 டொலருக்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல் வாங்கலை வங்கிகள் அறிவிக்க வேண்டும் என்ற விதி, 1970ஆம் ஆண்டின் வங்கி இரகசியச் சட்டத்தின் கீழ் வந்தது. (பெயரில்தான் இரகசியம், செய்வது அதற்கு நேர்மாறு.) பெட்டி பெட்டியாக வரும் காசைப் பிடிக்க அது உதவும். ஆட்கடத்துவோரின் காசோ ஐம்பது, நூறு, இருநூறு டொலராகத்தான் வரும். பெரிய கண் வலையில் நெத்தலி அகப்படாது.

இந்தக் குறையை நீக்கவே, ஆட்கடத்துவோருக்கு வங்கிச் சேவை கிடைப்பதை நிறுத்தும் சட்டமூலம் ஒன்றை எலிசபெத் வொரனும் மார்கோ ரூபியோவும் செனற் சபைக்குச் சேர்ந்து கொண்டுவந்தார்கள். வேறு எதிலும் இலேசில் ஒத்துப்போகாத இருவர். அதன் சில கூறுகள் 2019 டிசம்பரில், பாதுகாப்புச் செலவுக்கான பெரிய சட்டமொன்றுக்குள் அடங்கிச் சட்டமாயின. புதிய குற்றம் எதையும் அது உருவாக்கவில்லை. வங்கிகளை மேற்பார்வை செய்யும் நிறுவனங்கள் தங்கள் பயிற்சியையும் பரிசோதனை முறைகளையும் மீளாய்வு செய்யவேண்டும், அரச செயலணி காங்கிரசுக்கு அறிக்கை தரவேண்டும் என்பவைதான் அதில் உள்ளவை. வாசித்தால் சப்பென்று இருக்கும். ஆனால் வங்கிக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும்: பரிசோதகர் எதைக் கேட்பாரோ அதைத்தான் வங்கி தேடும்.

கனடாவில் இது சட்டத்துக்கு முன்னரே, ஒரு பெண்ணின் பேச்சிலிருந்து தொடங்கியது. ரிமியா நாகி ஹங்கேரியிலிருந்து 1998இல் ரொறன்ரோவுக்கு ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவர். தப்பி வந்து, பின்னர் தன்னைப் போன்றவர்களுக்காக உழைத்தார். 2015இன் முடிவில் பணம் தூயதாக்கலைத் தடுக்கும் வங்கி அலுவலர்களின் கூட்டமொன்றில் பேசி, உங்கள் உதவி வேண்டும் என்று கேட்டார். அதைக் கேட்ட வங்கியாளர்கள் அடுத்த ஆண்டே பொலிசாரோடும் அந்நாட்டின் நிதி உளவறிதல் நிறுவனத்தோடும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். சந்தேகத்துக்கிடமான கொடுக்கல் வாங்கலை அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் ஏற்கெனவே இருந்தது. எது சந்தேகத்துக்கிடமானது என்பதுதான் அதுவரை தெரியாமல் இருந்தது.

அந்த அடையாளங்கள் சிலவற்றைச் சொல்கிறோம். சம்பளம் கணக்குக்கு வந்த அன்றே முழுவதும் எடுக்கப்படுகிறது. வாடகை இல்லை, கடைச் சாமான் இல்லை, தொலைபேசிக் கட்டணம் இல்லை. அந்தக் கணக்குக்கு உரியவர் உண்டு உடுத்து வாழும் தடயமே கிடையாது. ஒரே முகவரியும் ஒரே தொலைபேசி இலக்கமும் பல கணக்குகளில் இருக்கின்றன. நள்ளிரவு தாண்டிச் சிறு தொகைகள் வருகின்றன. ஹோட்டல் அறைகளுக்கும் இணைய விளம்பரங்களுக்கும் போகின்றன. வங்கிக்கு வரும் பெண்ணின் கடவுச்சீட்டு அவள் கையில் இல்லை, பக்கத்தில் நிற்பவர் கையில் இருக்கிறது. அவளிடம் கேட்டால் அவர் பதில் சொல்கிறார்.

இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. இரவு வேலை செய்யும் தாதிக்கும் நடுச்சாமத்தில் காசு வரும். ஒரு வீட்டில் ஏழு பேர், ஒரு தொலைபேசி என்று ஸ்காபரோவில் வாழ்க்கையைத் தொடங்காத நம் குடும்பங்கள் எத்தனை? ஆங்கிலம் வராத அம்மாவுக்காக மகன்தானே வங்கியில் கதைக்கிறான்? ஆகவேதான் சட்டம் கேட்பது அறிக்கையை; குற்றச்சாட்டை அல்ல. தண்டப் பணத்துக்குப் பயந்து, சந்தேகம் வந்த கணக்கையெல்லாம் மூடிவிடும் வங்கிகளும் உண்டு. எங்கள் பார்வையில் அது சோம்பேறித்தனம். கணக்கை மூடினால் தடயமும் போய்விடும். காசு உண்டியல்காரரிடம் போய்ச் சேரும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஆட்கடத்துபவன் பல வேளைகளில் அந்தப் பெண்ணின் பெயரிலேயே கணக்குத் திறக்கிறான், கடன் அட்டை எடுக்கிறான், கடன் வாங்குகிறான். அவள் தப்பி வெளியே வரும்போது அவளது கடன் அறிக்கை நாசமாகியிருக்கும். வீடு வாடகைக்குக் கிடைக்காது. சில இடங்களில் வேலையும் கிடைக்காது. வங்கியின் கணினியோ அவளையே குற்றவாளியாகக் காட்டும். இதை உணர்ந்து அமெரிக்கா 2021 டிசம்பரில் இன்னொரு சட்டம் செய்தது. ஆட்கடத்தலால் நேர்ந்த கடன் விபரங்களைப் பாதிக்கப்பட்டவரின் கடன் அறிக்கையில் காட்டக்கூடாது என்பது அதன் சாரம். அதற்கான விதிகள் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. முதற் சட்டத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்களைக் கேட்டால், இரண்டில் பெரியது இதுதான்.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டமும், 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டமும் இருக்கின்றன. பத்து இலட்சம் ரூபா தொடக்கம் காசுக் கொடுக்கல் வாங்கல்கள் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்குப் போகவேண்டும். சந்தேகம் வந்தால், தொகை எவ்வளவு சிறியதானாலும் அறிவிக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு அறிவிப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அறிவித்ததை வாடிக்கையாளரிடம் சொல்வதுதான் குற்றம். கிளைகளில் இருக்கும் தங்கைமார் இதை மனதில் வைத்திருங்கள்.

சட்டத்தரணிகளான அக்காமாரிடம் ஒரு கோரிக்கை. நமது கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், இப்படிச் சிக்கித் தப்பிய ஒருத்தியின் பெயருக்கு என்ன பாதுகாப்புக் கேட்கலாம் என்று ஒரு வரைவு எழுதித் தாருங்கள். வங்கிப் பக்கத்து வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தேநீர் இடைவேளையில் வாசலுக்கு அருகிலுள்ள மேசையில் இருப்போம்.