விழுந்ததைச் சொல்லுங்கள்
(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பழைய நினைவுகளைப் பேச இந்த மேடையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களிடம் கேட்டது, வயது போன பெண்கள் ஏன் விழுகிறார்கள் என்று சொல்லித்தரும்படி. உம்மாமாருக்காகக் கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தோம். மண்டபத்தைப் பார்த்தால் முன்வரிசையில் பாதிப்பேருக்கு இது சொந்தக் கதை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 65 வயதைத் தாண்டியவர்களில் 100 பேருக்கு 28 முதல் 35 பேர் வருடத்தில் ஒரு தடவையாவது விழுகிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு வரும் சில வருடங்களில் எலும்பு வேகமாகத் தேய்வதால், சின்ன விழுகையும் பெண்களுக்கு இடுப்பு எலும்பு முறிவில் முடியலாம். "வயசு போனா விழத்தானே செய்யும்" என்பார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. விழுவதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது. அநேகமானவற்றுக்கு ஏதாவது செய்யலாம்.

முதற் காரணம் கால். தொடைத் தசை மெலிந்தால் எழும்புவதும் திரும்புவதும் தடுமாறும். கைபிடி இல்லாத கதிரையில் இருந்து, இரு கைகளையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு, 30 செக்கனில் எத்தனை தரம் முழுதாக எழும்பி இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 65 முதல் 69 வயதுப் பெண்ணுக்கு 11 தடவைக்குக் குறைந்தால் கவனம் தேவை. 70 முதல் 79 வரை 10. தொழுகையில் ஸுஜூதிலிருந்து எழும்புவதும் இதே தசைக்கு வேலைதான். டொக்டர் சொல்லிக் கதிரையில் தொழுபவர்களைப் பற்றி நாங்கள் பேசவில்லை. சோம்பலில் கதிரைக்கு மாறியவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்தது சமநிலை. சின்ன வயதில் முற்றத்தில் கோடு கீறி ஒற்றைக் காலில் கெந்தியவர்கள்தானே நாமெல்லாம்! இன்று வுழூச் செய்யும்போது ஈரத் தரையில் ஒரு காலில் நின்று மற்றக் காலைத் தூக்கிக் கழுவுகிறோம். எழுபது வயதில் அது கெந்தலை விடக் கஷ்டம். ஒரு சின்னக் கதிரையில் இருந்து கழுவினால் போதும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பாதம் மரத்து, தரை எங்கே என்று காலுக்கே தெரியாமல் போகும்.

சுபஹுக்குச் சட்டென்று எழும்பித் தலைசுற்றி விழுவோரும் உண்டு. நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் பிரஷர் 20 இறங்கினால் அது வருத்தம். கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் இருந்து, பாதத்தை ஆட்டிவிட்டு எழும்புங்கள். பிரஷர் குளிசையும் நித்திரைக் குளிசையும் சேர்ந்து விளையாடுகின்றனவா என்று டொக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கண்ணில் வெண்படலம் வந்தால் "இன்னும் பழுக்கட்டும்" என்று வருடக்கணக்காகத் தள்ளிப்போடுகிறோம். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் 70 வயது தாண்டிய பெண்களிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வில், முதற் கண்ணுக்குச் சீக்கிரமாகச் சத்திரசிகிச்சை பெற்றவர்களிடம் விழுகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நியூசிலாந்தின் டனீடனில் 80 தாண்டிய பெண்களுக்கு வீட்டிலேயே காலுக்கும் சமநிலைக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 1997இல் வெளியான முடிவில் அவர்களும் குறைவாகவே விழுந்திருந்தார்கள். எண்பதிலும் தசை கற்றுக்கொள்ளும்!

வழுக்கும் டைல்ஸ், கிணற்றடிப் பாசி, தேய்ந்த செருப்பு எல்லாம் நீங்கள் அறிந்தவை.

எங்களை வருத்துவது வேறொன்று. விழுந்ததை மறைக்கிறார்கள். மகன் கட்டாரில், மகள் கொழும்பில். சொன்னால் "இனி வெளியே போகாதீங்க" என்பார்கள் என்ற பயம். சொல்லாவிட்டாலும் பயத்தில் நடை குறைகிறது, தசை மெலிகிறது, மறுபடி விழுகிறார்கள். மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும் நாளில், முறிந்த இடுப்போடு சவளக்கடையிலிருந்து கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போவது என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கும் பிள்ளைகளே, போனில் "சாப்பிட்டீங்களா" என்ற கையோடு "விழுந்தீங்களா" என்றும் கேளுங்கள். விழுந்தேன் என்றால் ஏசாதீர்கள். எந்த நேரம், என்ன செய்யும்போது என்று கேட்டுக் குறித்து டொக்டருக்குச் சொல்லுங்கள்.

தேநீர் வேளையில் சுவரோரமாகக் கைபிடி இல்லாத நாலு கதிரை போட்டிருக்கிறோம். நேரம் பார்க்கப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நிற்கிறார்கள். சாரி, அபாயாக் கரையைக் கொஞ்சம் உயர்த்திப் பின் குத்திக்கொண்டு வாருங்கள்.